பதில் இல்லையென்றால்

ரோனெட்டா வாரியாவின் எழுத்தை அழகானது என்று சொல்ல முடியாது. தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். அவள் வேலைக்கு அது போதும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் நாற்காலி ஒதுக்கும் மென்பொருளை உருவாக்கும், ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸில் உள்ள சின்ன அலுவலகத்தில் வேலை செய்தாள். ஒதுக்குவது ஒரு ஏஐ முகவர். அதன் கையில் சில கருவிகள் உண்டு: நோயாளியை அழைக்க ஒன்று, காலியான நாற்காலியை ஒருவருக்காகப் பிடித்துவைக்க ஒன்று, பிடித்ததை விட்டுவிட ஒன்று. கருவிக்குள் என்ன நடக்கிறதென்று முகவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றோடும் இருக்கும் நாலு வரி விளக்கத்தைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பதென்று முடிவு செய்யும். அந்த வரிகளை எழுதுபவள் ரோனெட்டா.

"என்ன செய்யும்னு மட்டும் எழுதினா போதாது பாலா," என்பாள், நிரல் எழுதும் டாரிலிடம். அவளைப் போன்ற டோரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள் சகோதரனை 'பாலா' என்றுதான் அழைப்பார்கள். டாரில் வெள்ளைக்காரன் என்பதற்காக அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. "எப்பத் தொடக்கூடாதுன்னும் எழுதணும். அது எல்லாம் படிச்ச ஆளு. ஆனா எந்த ஊர்லயும் பொறக்காத ஆளு."

"உன் விளக்கம் பைபிள் நீளத்துக்குப் போகுது."

"பைபிளயே பாதிப் பேரு தப்பாத்தான் புரிஞ்சு வச்சிருக்கான்."

விட்டுவிடும் கருவிக்கு அவள் எழுதியது இது: 'பிடித்துவைத்த நாற்காலியை விட்டுவிட்டு, வரிசையில் அடுத்தவருக்குக் கொடுக்கும். திரும்பப் பெற முடியாது. நோயாளி வேண்டாம் என்று சொன்னாலோ, இரண்டு நாள் அழைத்தும் பதில் இல்லையென்றாலோ பயன்படுத்தவும்.' டாரில்கூட அதில் குறை காணவில்லை.

வரிசையில் அவளுடைய தாய்மாமன் சைலஸும் இருந்தார். டோரஸ் நீரிணையில், அவர் தீவுக்குப் பக்கத்தில், இருந்த சில நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. எனவே வாரத்தில் மூன்று நாள் கெய்ர்ன்ஸில் ஊசி குத்திக்கொண்டு, மிச்ச நாட்களில் வாடகை அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஆக்னஸ் தீவுப் பள்ளியில் சமைக்கிறாள்; விடுமுறைக்குத்தான் வருவாள். போகும்போதெல்லாம் விமான நிலைய வாசல்வரை மாமா அவள் பையைத் தூக்கிக்கொண்டு போவார்.

"செத்தா உடனே ஏத்தி அனுப்பிருவாங்க," என்பார் மாமா. "உசுரோட போறதுக்குத்தான் எடமில்ல."

"வாய மூடுங்க மாமா. அடுத்ததா உங்க பேருதான் வரும்."

அந்த வருடம் மாமாவின் அண்ணன் கெய்ர்ன்ஸிலேயே இறந்தார். தீவு வழக்கப்படி துக்க வீட்டில் ரத்த உறவுகள் எதுவும் செய்யக் கூடாது. அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். சமையல், வாசல், வெளியாட்களோடு பேச்சு எல்லாம் சம்பந்த வீட்டார் பொறுப்பு. சைலஸின் தங்கை கணவர் வில்லி, எல்லோருடைய ஃபோனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். தேநீர்க் கோப்பையைக்கூட மாமா தானாக எடுக்க வில்லி விடவில்லை. மாமாவை சிகிச்சைக்குக் காரில் கூட்டிப்போய், வாசலிலேயே காத்திருந்து கூட்டிவந்தார். ரோனெட்டாவின் ஃபோனும் அந்த டின்னில்தான் கிடந்தது.

தீவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியானது அந்த வாரத்தில்தான்.

முகவர் அதை மாமாவுக்காகப் பிடித்துவைத்தது. அழைத்தது. செய்தி அனுப்பியது. மறுநாளும் அழைத்தது. மாமாவுக்கு ஊசி குத்தும் செவிலியருக்கு ஒதுக்கீட்டு விவரம் எதுவும் போகாது. டின்னுக்குள் ஃபோன் அதிர்ந்தது. தெரியாத எண் என்று பார்த்துவிட்டு வில்லி மூடியை மறுபடி அழுத்தினார். அதுதான் அவர் கடமை. பிறகு முகவர் விளக்கத்தைப் படித்தது, படித்தபடி நாற்காலியை விட்டுவிட்டது.

வேலைக்குத் திரும்பிய அன்று டாரில்தான் சொன்னான். அவள் உட்காரும்வரை காத்திருந்தான்.

"அது தப்பா எதுவும் பண்ணல, ரோனி."

"தெரியும். நான் எழுதினதத்தான் பண்ணிருக்கு."

"நான்கூட கவனிக்கல."

"நீ எப்படிக் கவனிப்ப? துக்க வீட்டுல ஃபோன் எடுக்க மாட்டாங்கன்னு எங்க ஆளுக யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல பாலா. அதான் நானும் சொல்லல."

எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதுவதில்லை. எழுதாமல் விட்டது என்னவென்று, எழுதியதை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. அவள் மற்ற எல்லாவற்றையும் எந்த ஊரிலும் பிறக்காத அந்த அந்நியனின் இடத்தில் நின்று எழுதியவள். இந்த ஒன்றில் மட்டும் தன் வீட்டுக்குள் நின்றுவிட்டாள்.

சாயங்காலம் மாமாவின் அறைக்குப் போனாள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"யாருக்குப் போச்சு?"

"மூணு பிள்ளைக்காரி ஒருத்திக்கு."

"அவ ஊரு போய்ச் சேந்துட்டாளா?"

"ம்."

"சரி, இருக்கட்டும்." ரிமோட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "வில்லி மச்சானுக்குத் தெரிய வேண்டாம். அவன் மொறையாத்தான் செஞ்சான்."

"செஞ்சது நான் மாமா."

"நீயும் மொறையாத்தான் செஞ்ச. போ, டீ போடு. இப்ப எனக்கு யாரும் போட்டுத் தர்றதில்ல."

மறுநாள் அவள் அந்த விளக்கத்தில் சேர்த்தாள்: 'பதில் இல்லாதது மறுப்பு அல்ல. குடும்பத்தில் மரணம் நேர்ந்திருக்கலாம். தீவு நோயாளிகளுக்கான மருத்துவமனைத் தொடர்பாளரிடம் கேட்டு உறுதி செய்யாமல் இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது.' இந்த முறை டாரில் நீளத்தைப் பார்க்காமல் அதை அப்படியே ஏற்றினான். அதன் பிறகு இரண்டு குடும்பங்களுக்கு அந்த வரி நாற்காலியைக் காப்பாற்றிக் கொடுத்தது. சொன்னபோது மாமா தலையாட்டினார்.

அவருக்கு அடுத்த நாற்காலி வரவில்லை. மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், கெய்ர்ன்ஸ் மருத்துவமனையில், ஆக்னஸ் விமானத்தில் இருந்த நேரத்தில் இறந்தார். அவர் சொன்னபடியே உடனே இடம் கிடைத்தது. சவப்பெட்டியைத் தீவுக்கு அனுப்பும் ஏற்பாடுகளையெல்லாம் வில்லிதான் செய்தார்.

துக்க வீட்டில் வில்லி ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். கையில் அதே டின். ஆக்னஸ் தன் ஃபோனைப் போட்டாள். ரோனெட்டாவிடம் வந்து நின்றார்.

"குடும்மா."

அவள் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

"சித்தப்பா பாத்துக்கிறேன். போன தடவ உங்க மாமனுக்கு எத்தன ஃபோன் வந்துச்சு தெரியுமா? ஒண்ணுகூட அவன் காதுக்குப் போக விடல."

ஆக்னஸ் நிமிர்ந்து வில்லியை நன்றியோடு பார்த்தாள்.

"தெரியும் சித்தப்பா," என்று சொல்லி, ரோனெட்டா ஃபோனை டின்னுக்குள் வைத்தாள்.