பிரேக் அக்காவின் நாய்க்குத் தினமும் மாத்திரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். மணிக்கு நூறு தடவை "பிரேக்!" என்று கத்துவதால் பிரேக் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இருந்த கொஞ்சத்தையும் அந்த வருடம் அவளுடைய நாய் தின்று தீர்த்தது.

நாலு வயதுப் பெண் நாய். திடீரென்று சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும், வாந்தி எடுக்கும், நடுங்கும். முதல் டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் டிரிப்ஸ் ஏற்றினார். மறுநாளே செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. பத்தே நாளில் பழைய குருடி கதவைத் திறடி.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட. நடிக்குது," என்றான் கணவன்.

மூன்றாம் முறை அது எழுந்திருக்கவே இல்லை. பாடத்துக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பயிற்சிக் காரில் நாயை அள்ளிப் போட்டுக்கொண்டு வேறொரு டாக்டரம்மாவிடம் போனாள். அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"இப்படிக் கிடக்கிற நாய்க்கு இதயம் படபடன்னு அடிக்கணும். இது ரொம்ப மெதுவா அடிக்குதே!"

ரத்தத்தில் சோடியம் குறைந்து, பொட்டாசியம் ஏறியிருந்தது. ஓர் ஊசி போட்டு, அதற்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது.

"கிட்னி பக்கத்துல ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கு, அட்ரீனல்னு. உடம்புல உப்பைத் தக்கவைக்கிற ஹார்மோன் அதுலதான் சுரக்கணும். ஊசியால தூண்டியும் சுரக்கல. ஆயுசுக்கும் தினமும் மாத்திரை கொடுக்கணும்."

"அப்போ டிரிப்ஸ் போட்டா மட்டும் எப்படி எந்திரிச்சுது?"

"டிரிப்ஸ்ல இருக்கிற உப்பு கொஞ்ச நாள் தாங்கும். அவ்வளவுதான்."

இரண்டு மாதம் நாய் குதித்துத் திரிந்தது. பிறகு அவள் நாலு நாள் வெளியூர் போய்த் திரும்பினால், நாய் கதவோரம் துவண்டு கிடந்தது. மாத்திரை அட்டை அப்படியே இருந்தது.

"நல்லாத்தானே இருந்துச்சு, மருந்து எதுக்குன்னு விட்டுட்டேன்," என்றான் கணவன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருந்ததே அந்த மாத்திரையாலதாங்க!"

மறுபடி டிரிப்ஸ், மூன்று நாள் மருத்துவமனை வாசம். நாய் பிழைத்தது. மூன்று நாளும் அதன் கூண்டருகே உட்கார்ந்திருந்தவன் கணவன்தான்.

இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு, பாடத்தின் நடுவில் அவளுக்குப் போன் வரும்.

"கொடுத்துட்டேன். முழுங்கிடுச்சு. வாயைத் திறந்தும் பார்த்துட்டேன்."

"வேலையா இருக்கேன், வைங்க!" என்பாள் எரிச்சலோடு. ஒரு நாள்கூட எடுக்காமல் விட்டதில்லை.