தராசக்கா எழுதிய நாற்பத்து நாலு

அந்தத் தெருக்களில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. தராசக்கா என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும். தாய்சேய் நல மையத்தில் கர்ப்பிணிகளுக்கும் வயசுப் பெண்களுக்கும் எடை பார்த்து நோட்டில் எழுதுவது பதினோரு வருஷமாக அவள் வேலை. மற்ற மையங்களில் வீட்டில் உட்கார்ந்தபடியே வாய்க்கு வந்த எண்ணை எழுதி நோட்டை நிரப்புகிற மகராசிகள் உண்டு. தராசக்காவிடம் அந்தக் கதையே கிடையாது. மெஷின் காட்டாத எண்ணை அவள் பேனா எழுதாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, அவளுக்கு வேறு என்ன சொத்து?

எட்டு மாதத்துக்கு முன்னால் பழைய முள் தராசை எடுத்துக்கொண்டு, எண் மின்னுகிற புது மெஷினைக் கொடுத்தார்கள். முதல் ஆளாகத் தராசக்காதான் ஏறி நின்றாள். ஐம்பத்தொன்பது. வீட்டுக்குப் போய்ச் சொன்னாள், புருஷனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சத்தைப் பத்திச் சொல்லிக் குடுத்துட்டு, சத்தையெல்லாம் நீயே வெச்சுக்கிட்டியாக்கும்!"

ரோஷக்காரி. அன்றைக்கே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். மையத்தில் நடக்கிற சனிக்கிழமைச் சத்துணவு வகுப்பில் பள்ளிக்கூடப் பெண்களிடம், "ஒரு வேளையைக்கூடத் தள்ளக் கூடாதுடி, உடம்பு என்ன உங்க வீட்டு வேலைக்காரியா?" என்று தொண்டை கிழியக் கத்துவாள். வீட்டுக்குப் போய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

இப்படி இருக்கும்போதுதான் சலவைக்கடை மருமகள் வந்தாள். பத்தொன்பது வயசு, ஆறு மாத வயிறு, மையத்துக்கு அன்றுதான் முதல் தடவை. கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடியது. கூடவே மாமியார். நாற்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே இருக்கிற கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறினால் சத்துமாவு இரட்டிப்பு, தினம் ஒரு முட்டை, வாரம் ஒரு தடவை டாக்டர் பார்ப்பார். மெஷினில் பெண் ஏறினாள். நாற்பத்து நாலு.

"அக்கா, நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. அந்த முட்டை எனக்கும் குடுப்பீங்களா?"

"நாப்பத்திரண்டுக்குக் கீழ இருந்தாத்தான்டி. நீதான் நாப்பத்திநாலு இருக்கியே."

"கல்யாணத்துக்கு முன்னாடி நாப்பத்தொண்ணுதான்க்கா இருந்தேன். இங்க வந்து துணி தேய்ச்சுத் தேய்ச்சு இளைச்சுத்தானே போயிருக்கேன்?"

"அப்ப மெஷின் பொய் சொல்லுதாடி?" என்று தராசக்கா சிரித்தாள். பெண்ணும் சிரித்தாள். மாமியாருக்கோ பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா, நம்ம வீட்டுச் சாப்பாட்டுல மூணு கிலோ ஏறியிருக்க" என்று மருமகள் முதுகைத் தட்டிக் கூட்டிப்போனாள்.

மூன்று வாரம் கழித்து, மையத்திலேயே தராசக்கா மயங்கி விழுந்தாள். எட்டு மாதப் பட்டினி சும்மா விடுமா? ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை பார்த்து, "ஐம்பது" என்றாள்.

"உங்க மெஷின் கோளாறு. எங்க மெஷின்ல ஐம்பத்தஞ்சு" என்று படுக்க வேண்டியவள் சண்டைக்குப் போனாள்.

"இங்க நாலு மெஷின் இருக்கும்மா. எல்லாத்துலயும் ஏறிப் பாருங்க."

நாலிலும் ஐம்பது.

மையத்துக்கு ஓடி வந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில், தையல் பிரிக்காத சத்துமாவு மூட்டை. 25 கிலோ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த மூட்டைகள் எட்டு மாதமாக அதே இடத்தில்தான் வந்து இறங்கின. ஒன்றைத் தூக்கி மெஷினில் வைத்தாள். இருபத்தேழரை.

"அடிப் பாவி!" என்றாள். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பத்துக்கு ஒன்று கூட்டிக் காட்டியிருக்கிறது. அப்படியானால் நாற்பத்து நாலு என்பது நாற்பது. சலவைக்கடை மருமகள் பட்டியலில் ஏறியிருக்க வேண்டியவள்.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் எடை பார்த்துப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு மேற்பார்வை மேடம் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஆஸ்பத்திரி எடை செல்லாதும்மா. உங்க மைய மெஷின் எடைதான் வேணும். பேசாம நாப்பதுன்னு எழுதிச் சேத்துருங்களேன், யாரு கேக்கப் போறா?"

"மெஷின் காட்டாததை நான் எழுதினதில்ல மேடம்."

"அப்ப மெக்கானிக் வரட்டும்" என்று மேடம் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

நாற்பது என்பதுதான் நிஜம். எழுதினால் அது பொய்க்கணக்காம்! என்ன நியாயமோ. மெக்கானிக் இந்தத் திங்கள், அடுத்த திங்கள் என்று மூன்று திங்கள் இழுத்தான். அந்த நாட்களில் சலவைக்கடையைத் தாண்டும்போதெல்லாம் தராசக்கா நின்று, "பால் குடிக்கிறியா? கீரை சாப்பிடறியா?" என்று அதட்டுவாள். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அந்தப் பெண் தலையாட்டும். "அவளுக்கென்ன, நாப்பத்திநாலு கிலோ!" என்பாள் மாமியார். இல்லை, நாற்பதுதான் என்று சொல்லத் தராசக்காவுக்கு வாய் வரவில்லை. வெட்கம். பதினோரு வருஷப் பெயர் போய்விடுமே என்ற பயம்.

எட்டாம் மாதம் தொடங்கியதுமே வலி வந்துவிட்டது. குழந்தை இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. நாலாம் நாள் மெக்கானிக் வந்தான். ஒரு திருகைத் திருகி, மெஷின் சரியாக இருக்கிறது என்று தராசக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் கர்ப்பிணி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அட்டையை மேஜைமேல் வைத்தாள். பழக்கதோஷமோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினாள். முப்பத்தெட்டு.

"இப்ப சரியாக் காட்டுதாக்கா?"

தராசக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரியிலும் இவளை நிறுத்திப் பார்த்திருப்பார்கள் அல்லவா? தெரிந்துதான் கேட்கிறாள்.

"காட்டுதும்மா" என்றாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்துபோய்ச் சத்துமாவு நாலு பொட்டலம் எடுத்து வந்து அவள் பையில் திணித்தாள்.

"குழந்தை இருந்தாத்தானேக்கா இதெல்லாம் தருவீங்க? நோட்டுல என்னன்னு எழுதுவீங்க?"

"எழுத மாட்டேன்டி. நீ கொண்டு போ."

அந்தப் பெண் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அன்றைக்கு முட்டை கேட்ட அதே குரலில்தான் சொன்னாள்.

"எழுதாமக் குடுக்க முடியும்னா, அப்பவே குடுத்திருக்கலாமேக்கா."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வெளியே பெஞ்சில் இன்னும் ஆறு பேர் எடை பார்க்கக் காத்திருந்தார்கள்.