கத்தியைத் தொடாத சமையல்காரர்

1. உள்ளே போடச் சொன்னவர்

ஜொகூர் பாருவில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தாதியாக, எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸியாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் என்னிடம், "ஓ.சி.டி.ன்னா சும்மா சும்மா கை கழுவுறதுதானேக்கா?" என்று கேட்கிறார்கள். டிவி நாடகம் பார்த்துப் படித்த படிப்பு. அவர்களுக்காக ஜமால் பாயைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சம்மதம் கேட்டபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, தன்னைக் கொஞ்சம் ஒல்லியாகக் காட்ட வேண்டும் என்பது. ஆகவே, ஜமால் பாய் ஒல்லியானவர்.

ஒரு காலை கிளினிக் திறந்ததும் வந்தார். நம்பர் எடுத்தார், வரிசையில் உட்கார்ந்தார், கூப்பிட்டதும் கவுண்டருக்கு வந்து மெதுவான குரலில் சொன்னார்.

"மிஸ்ஸி, என்னப் புடிச்சு உள்ள போட்டுருங்க. இல்லன்னா நான் என் மகளக் குத்திருவேன்."

பக்கத்தில் நின்ற ஜாகா, அதாவது காவலாளி, எங்கள் பாதுகாப்புக்காகச் சம்பளம் வாங்குபவர். அவர் தூணுக்குப் பின்னால் போய் நின்று தன் பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன இளம் டாக்டர் என் காதருகே வந்து, "கட்டிப்போடலாமா?" என்றார். குத்தப் போகிறவர் நம்பர் எடுத்து வரிசையில் காத்திருப்பாரா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் அவரை அறைக்குள் உட்கார வைத்தேன்.

"யாரையாச்சும் குத்தியிருக்கீங்களா பாய்?"

"இல்ல."

"அடிச்சிருக்கீங்களா?"

"சின்ன வயசுல தம்பிய ஒரு தடவ."

"மக மேல கோவமா?"

அந்தக் கேள்வியில் அழுதுவிட்டார். "அவ மேல யாருக்கு மிஸ்ஸி கோவம் வரும்? ஆறு வயசுப் புள்ள."

பெர்மாஸ் ஜெயாவில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன் காதர், சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அங்கே ஜமால் பாய்தான் தலைமைச் சமையல்காரர். ஒருநாள் கோழி வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அப்போது மனதில் ஒன்று வந்தது: இந்தக் கத்தியை இவள் கழுத்தில் வைத்தால் என்ன ஆகும்? அவ்வளவுதான். ஒரு நொடி. அவர் நடுங்கிப்போய்க் கத்தியைக் கீழே போட்டார். இப்படி ஒன்று தன் மனதில் வருகிறது என்றால் தான் எப்பேர்ப்பட்ட மிருகம் என்று அன்று முழுக்க யோசித்தார்.

அதன்பின் கத்தியைத் தொடவில்லை. கடையில் வெட்டும் வேலையை மற்றவர்கள் செய்தார்கள். வீட்டில் கத்திகளை எல்லாம் மூட்டை கட்டி வெளியே அனுப்பினார். மனைவி மும்தாஜ் கோழியைக் கத்தரிக்கோலால் வெட்டினார். பிறகு கத்தரிக்கோலும் போனது, முள்கரண்டியும் போனது. கடைசியில் அவரே வீட்டைவிட்டுப் போய்க் கடை மாடியில் படுக்க ஆரம்பித்தார். மகளைத் தூக்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

2. ஏற்கெனவே வைத்தியம் பார்த்தவர்கள்

எங்களிடம் வருவதற்கு முன் அவருக்கு வைத்தியம் நடக்காமல் இல்லை. மச்சான் காதருக்குச் சொந்தமாக இரண்டு கடைகள் இருந்தன. இரண்டு கடைகள் இருப்பவருக்கு வைத்தியமும் தெரியும் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

முதல் வைத்தியம், "சும்மா யோசிக்காத லா." இது இலவசம், பக்கவிளைவு கிடையாது, பலனும் கிடையாது. இரண்டாவது, மூவாரிலிருந்து ஒருவர் வந்து ஓதிக் கொடுத்த தண்ணீர். மூன்றாவது, ஜிம். மூன்றும் பலிக்காததால் காதர் தீர்ப்பு எழுதிவிட்டார்: இவன் ஆபத்தானவன், தங்கச்சி இவனோடு இருக்கக் கூடாது. விவாகரத்துப் பேச்சும் தொடங்கியிருந்தது.

எங்கள் பிரிவில் ஒரே ஓர் உளவியலாளர். புவான், அதாவது திருமதி, ரோஹானி. அவரைப் பார்ப்பதற்கான வரிசை எல்லை தாண்டும் காஸ்வே பாலத்தின் வெள்ளிக்கிழமை ஜாமைவிட நீளம். அதனால் தாதிகள் சிலருக்கு அவரே பயிற்சி கொடுத்து, சிகிச்சையில் ஒரு பங்கை எங்களிடம் ஒப்படைத்திருந்தார். ஜமால் பாய் மலாய் நன்றாகப் பேசுவார். ஆனால் மனதில் வரும் அசிங்கத்தைத் தமிழில்தான் சொல்ல முடிந்தது. அப்படி அவர் என் கணக்கில் வந்தார்.

டாக்டர் மாத்திரை எழுதினார். இது போட்டதும் தலைவலி போகும் பானடோல் இல்லை, வேலை செய்யப் பல வாரம் ஆகும் என்று சொன்னோம். நான் மும்தாஜையும் உட்கார வைத்து, இதுதான் ஓ.சி.டி. என்று நோயை விளக்கினேன்.

"இந்த மாதிரிக் கண்ட கண்ட எண்ணம் எல்லார் மனசுலயும் வரும்மா. எனக்கும் வரும். எங்க மேட்ரன் படியில எறங்கறப்ப, பின்னால இருந்து தள்ளிவிட்டா என்னன்னு வந்திருக்கு. குப்பைன்னு விட்டுட்டு நம்ம வேலையப் பாப்போம். இவரு அந்தக் குப்பைய எடுத்து, இது ஏன் வந்துச்சு, நான் யாருன்னு ஆராய்ச்சி பண்றாரு. பயப்படறாரு. பயம் போகணும்னு கத்திய ஒளிக்கிறாரு. ஒளிச்சதும் கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதிதான் நோய்க்குச் சாப்பாடு."

"அப்ப என்ன செய்யணும்?"

"கத்தியத் திரும்ப எடுக்கணும். பயத்தோட எடுக்கணும்."

இதற்கு இ.ஆர்.பி. என்று பெயர். பயப்படும் காரியத்தை வேண்டுமென்றே செய்வது. செய்துவிட்டு, பயத்தை அடக்க வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருப்பது. அவருடைய பெரிய சடங்கு கத்தியை ஒளிப்பதுகூட இல்லை. கேள்வி கேட்பது. நாள் முழுக்க மனைவிக்குப் போன் போட்டு, "நான் ஒன்னும் செஞ்சிர மாட்டேன்ல?" என்பார். மும்தாஜ், "மாட்டீங்க" என்பார். அடுத்த போன் வரைக்கும் அது தாங்கும்.

"இனிமே கேட்டா 'மாட்டீங்க'ன்னு சொல்லாதீங்க. 'தெரியல, பாப்போம்'னு சொல்லுங்க" என்றேன்.

மும்தாஜ் என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் இப்படிக் கேட்டா நீங்க இதத்தான் சொல்வீங்களா மிஸ்ஸி?"

"எங்க வீட்டுக்காரர் ரிமோட்டத் தவிர எதையும் கேட்டதில்ல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் செய்தார். முதல் முறை "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் பாத்ரூமில் போய் அழுததாகப் பிறகு சொன்னார். சிகிச்சையில் மிகவும் கஷ்டமான வேலை அவருக்குத்தான் கிடைத்தது.

3. மனநல வார்டுக்கு ஒரு கத்தி தேவை

கத்தியின் படத்தில் ஆரம்பித்தோம். பிறகு வெண்ணெய் தடவும் கத்தி. அடுத்தது நிஜக் கத்தி வேண்டும். பெல்ட்டையும் ஷூ கயிற்றையும் வாசலில் வாங்கி வைக்கும் இடத்தில், நோயாளி கையில் கொடுக்க ஒரு கத்தி வேண்டும் என்று நான் ஸ்டோரில் கேட்டேன். ஸ்டோர்காரர் நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதில் சந்தேகப்பட்டு, ஊழியர் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். மனு மேலே போனது. பல வாரம் கழித்துப் பதில் வந்தது. தொழில்வழிச் சிகிச்சை அறையில் இருக்கும் கத்தியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதி. அது பிறந்தநாள் கேக் வெட்டும் பிளாஸ்டிக் கத்தி.

புவான் ரோஹானி மறுபடியும் அவரை நேரில் பார்த்து, ஆபத்து உண்டா என்று தீர விசாரித்தார். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னார்: கடைக்கே போங்கள்.

4. மத்தியானச் சமையலறை

மதியக் கூட்டம் கலைந்து, மாலையில் தே தாரிக் டீ குடிக்கும் கூட்டம் வருவதற்கு முந்திய நேரம். காதர் தன் இன்னொரு கடையில், தெப்ராவில், இருப்பார் என்று மும்தாஜ் சொல்லியிருந்தார். என்னோடு வந்த வேன் டிரைவர் முன்பக்கம் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் டீம் வேலைதான்.

ஜமால் பாய் பெரிய வெட்டுக்கத்தியை எடுத்தார். எடுக்கவே வெகு நேரம் ஆனது. கோழியை வெட்டினார். பிறகு நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"கத்திய என் கழுத்துக்கிட்ட கொண்டு வாங்க பாய்."

எனக்குப் பயமாக இருந்ததா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருந்தது. நோயை நன்றாகப் படித்திருந்தேன். ஆனால் பாடத்தில் வரும் கழுத்து வேறு, நம் கழுத்து வேறு.

"பயம் பத்துக்கு எத்தன?"

"பதினாலு."

"சரி. அப்படியே நில்லுங்க. எதையும் சமாதானம் சொல்லிக்காதீங்க."

அவருடைய மூச்சு என் தலைக்குமேல் கேட்டது. வியர்வை என் தோளில் சொட்டியது. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும். வெகு நேரத்துக்குப் பிறகு, "ஒம்போது மிஸ்ஸி" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் "ஏழு" என்றார். பயம் தானாகவே இறங்குகிறது என்பதை அவர் உடம்பு முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் காதர் உள்ளே வந்தார்.

அவர் பார்த்தது, தன் மாப்பிள்ளை ஓர் அரசாங்கத் தாதியின் கழுத்தில் வெட்டுக்கத்தி வைத்திருப்பதை. "அலமாக்" என்ற ஒரு மலாய் ஐயோதான் வந்தது. பாய்ந்து வந்து கத்தியைப் பிடித்தார். பிடியைப் பிடித்திருக்கலாம். அலகைப் பிடித்தார்.

உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. அதைப் பார்த்ததும், ஆபத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்ற வந்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜமால் பாய் கத்தியை மேசையில் வைத்தார். துவைத்த துண்டை எடுத்து மச்சானின் கையை உயர்த்திப் பிடித்து அழுத்தினார். நான் வேனிலிருந்த முதலுதவிப் பெட்டியைக் கொண்டு வந்து கட்டுப் போட்டேன். டிரைவர் சாப்பாட்டைப் பாதியில் விட்ட வருத்தத்தோடு காதரைக் கிளினிக்கிற்குக் கொண்டுபோனார்.

ஜமால் பாய் மேசையிலிருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா மிஸ்ஸி. நடந்துருச்சு."

5. அதற்குப் பின்

அடுத்த சந்திப்புக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். காதரின் கையில் தையல் போட்டிருந்தது, கடைக்கு வருகிறவர்களிடம் கதையும் வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது வாரக் கதையில் ஜமால் பாய் அவரைத் துரத்தித் துரத்திக் குத்தியிருந்தார்.

மருத்துவமனையில் விசாரணை வைத்தார்கள். மேசையைச் சுற்றிப் பெரியவர்கள். நோயாளி எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. வேலை நேரத்தில் வேன் ஏன் சாப்பாட்டுக் கடை முன்னால் நின்றது என்று கேட்டார்கள். புவான் ரோஹானி எனக்காக வாதாடினார். கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று ஒரு புது விதி வந்தது. ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல விதி.

பிறகு ஒருநாள் மும்தாஜ் கணவரை அழைத்துக்கொண்டு வந்தார். அழைத்துக்கொண்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அண்ணனை அவர்கள் வீட்டில் காக்கா என்பார்கள்.

"காக்கா வந்து, துணிய எடுத்துக்கிட்டு என்கூட வந்துருன்னாங்க மிஸ்ஸி. நான் கேட்டேன், கத்திய யாரு காக்கா புடிச்சது? நீங்கதானே? இவரு கைய அசைச்சாரான்னு கேட்டேன். இல்லன்னாங்க. ரத்தம் வந்தப்ப யாரு அமுக்கிப் புடிச்சான்னு கேட்டேன். அப்ப நான் எங்கயும் வரலன்னுட்டேன்."

ஜமால் பாய் தலை குனிந்திருந்தார். "என் கத்தில ரத்தம் வந்துச்சு மிஸ்ஸி."

இனி வராது என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "வந்துச்சு. இன்னொரு நாளும் வரலாம். சமையக்கட்டுதானே. யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது பாய்."

அவர் நிமிர்ந்தார். "அப்ப இப்படி ஒன்னும் தெரியாமலே இருக்கணுமா?"

"நாங்க எல்லாரும் அப்படித்தான் இருக்கோம்."

மறுபடி மாத்திரையிலிருந்து தொடங்கினோம். சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுச் சமையல் மேசையில், மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அன்னாசிப் பழம் வெட்டினார். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. மகள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, "அத்தா, கண்ணு சரியா எடுக்கல" என்று தகப்பனிடம் குறை சொன்னாள். அவர் அந்தத் துண்டை வாங்கி, கத்தி முனையால் கண்ணை எடுத்துக் கொடுத்தார். மும்தாஜ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று இரவு ஜமால் பாய் வீட்டில் தூங்கினார்.

கதை அங்கே முடியவில்லை. வேலைச் சுமை கூடிய நாட்களில் பயம் திரும்பி வந்தது. ஒருமுறை கத்திகள் மறுபடி மூட்டைக்குள் போயின. மறுபடி வெளியே எடுத்தோம். காதர் இப்போது ஓ.சி.டி. நிபுணர். டீ குடிக்க வருகிறவர்களுக்கு, சமாதானம் சொல்லவே கூடாது என்று விளக்கம் கொடுக்கிறாராம். அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம் ஜமால் பாய் கிளினிக்கிற்கு வந்தார்.

"இன்னும் வருதா பாய்?"

"வருது மிஸ்ஸி. இப்பக்கூட உங்க பேனாவப் பாத்தேன். இத எடுத்துக் கண்ணுல குத்துனா என்னன்னு வந்துச்சு."

"யாரு கண்ணுல?"

"உங்க கண்ணுலதான்."

"அப்புறம்?"

"அப்புறம், வெளிய பார்க்கிங் நேரம் முடியப்போகுதுன்னு ஞாபகம் வந்துச்சு. சீக்கிரம் முடிச்சிருவோமா?"

குணமாவது என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள், மார்க் வேண்டும். வேலையில் கேட்டால் நான் சொல்வது இதுதான்: கெட்ட எண்ணம் வராமலே போய்விடுவது அல்ல. அது வந்து எதிரே நிற்கும்போதே காரை எடுக்கப் போக வேண்டும் என்று தோன்றுவது. அன்று நான் மருந்து பெற்றுக்கொண்டதற்கான சீட்டை நீட்டினேன். அவர் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.