அட்டை என் பங்கு

பாதி ஆயுளை அடுத்தவர் பிள்ளைகளுக்கு மார்க் போட்டே கழித்தவள் நான். கணக்கு டீச்சர். சிவப்புப் பேனா பிடித்த விரலில் காய்ப்பு இன்னும் போகவில்லை. அதனால் மார்க்கைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். பெங்களூரிலிருந்து வந்த என் தம்பி, நாங்கள் சின்ன வயதில் படித்த காமிக்ஸ் புத்தகத்துக்கு வெளிநாட்டில் மார்க் வாங்கிவிடலாம் என்று ஆரம்பித்தபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது.

நாங்கள் வளர்ந்த நாகல் நகர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். அங்கேதான் அந்தத் தகரப் பெட்டி இருந்தது. அம்மாவின் பூசைச் சேலைகளுக்கு அடியில் எங்கள் காமிக்ஸ். அவற்றில் ஒரு தீபாவளி மலர் மட்டும் இன்றைக்கு யாரிடமும் இல்லையாம். அதை கிரேடிங் செய்ய வேண்டும் என்றான் தம்பி. அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். அதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது. புத்தகத்தை அனுப்பினால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள். அதன் பிறகு அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிரித்தால் மார்க் செல்லாது. படிக்க முடியாததற்குப் பெயர் புத்தகமா, போட்டோவா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. முடிவே செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

அந்த மலருக்கு ஒரு கதை உண்டு. சர்ச்சில் ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டில் போடச் சொல்லி அப்பா கொடுத்த சில்லறையைப் போடாமல் சேர்த்து, பஸ் ஸ்டாண்டு கடையில் நானும் தம்பியும் வாங்கியது. அதற்காகக் கடவுள் கோபித்துக்கொண்டதாக இன்றுவரை எனக்குத் தகவல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டை. அந்தச் சமயம் குஜிலியம்பாறைப் பக்கம் மாமாமார் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே பேச்சு எங்கள் வாயிலும் ஒட்டியிருந்தது. நாமும் பாகம் பிரிப்போம் என்றான் அவன். புத்தக நடுவில் அடித்திருந்த கம்பிப் பின்னை என் காம்பஸ் முனையால் நிமிர்த்தி உருவினோம். தாள்களை எண்ணிச் சரிபாதியாக வைத்தோம். நடுப்பக்கத்தில் பெரிய சண்டைப் படம் இருந்ததால் உள்பாதியை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். இன்றைக்கும் சொல்கிறேன், அவசரம் அவனுடையது, என் மேல் தப்பில்லை.

பின் அடித்த புத்தகம் எப்படி இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. நீளத் தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருப்பார்கள். வெளிப்பாதியை எடுத்தவருக்கு அட்டை, கதையின் தொடக்கம், கதையின் முடிவு எல்லாம் வந்துவிடும். உள்பாதிக்காரனுக்கு நடு மட்டும். கதை ஒரு குதிரைக்காரனுடையது. அவன் பாலைவனத்தில் பாழுங்கிணற்றுக்குள் விழுவது என் பங்கில் இருந்தது. கிணற்றுக்குள் அவன் பாம்போடும் பசியோடும் படுகிற பாடெல்லாம் தம்பி பங்கு. அவன் பங்கின் கடைசிக் கட்டத்தில் மேலேயிருந்து ஒரு கயிறு இறங்கும். கயிறு போட்டது யார் என்பது மறுபடி என் பங்கு. நாள்கணக்காக என் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு அலைந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

அம்மா கண்டுபிடித்தாள். அம்மா அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைப்பவள். எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தாளைப் பிடிக்கச் சொல்லி, சாக்கு ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, கம்பிப் பின் அடித்திருந்த ஓட்டை வழியாகவே தைத்தாள். முடிச்சை நடுப்பக்கத்தில் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தாள். “இனி இதைத் தனித்தனியாப் பிச்சீங்க, உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுத் தச்சுப்புடுவேன்” என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்துதான் படித்தோம். என் பக்கங்களை நான் வாசிப்பேன், அவன் பக்கங்களை அவன்.

இத்தனையும் தெரிந்த தம்பிதான் வடமதுரையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தான். ஹார்டுவேர் கடைக்காரர், பழைய காமிக்ஸ் சேர்ப்பவர், தம்பிக்கு வாட்ஸ்அப்பில் பழக்கம். நல்ல மனிதர்தான். ஆனால் தயிர்ச்சோற்றுக் கையோடு நாங்கள் புரட்டிய புத்தகத்தைத் தொட வெள்ளைக் கையுறை மாட்டினார் பாருங்கள், அங்கேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னட்டையில் மஞ்சள் கறை. புதிர்ப் பக்கத்தில் பென்சில் கோடு. எல்லாவற்றையும் விட மோசம் அந்த நூல்.

“இந்த நூலை உருவிட்டு, அதே காலத்துப் பின் ஒண்ணை அதே ஓட்டையில மாட்டிட்டா யாருக்கும் தெரியாதுக்கா. மார்க்கு எங்கேயோ போயிரும்” என்றார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குக் காப்பியடிப்பது என்று பெயர், பிடித்தால் பேப்பரைப் பிடுங்கிவிடுவோம் என்றேன். அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது.

அவர் போனதும் என்னிடம் பாய்ந்தான். இப்படியே பரணில் கிடந்தால் பூச்சி அரித்துவிடும், நமக்குப் பிறகு நம் பிள்ளைகள் பழைய பேப்பர்காரனிடம் போடுவார்கள், பெட்டிக்குள் இருந்தால் நூறு வருடம் இருக்கும் என்றான். நியாயம்தான். பிறகு குரலை இறக்கிக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

“என் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடுறப்பல்லாம் அப்பா இந்த மாதிரிப் புத்தகத்தைத்தானக்கா திட்டுவாரு. குப்பை, குப்பைன்னு. எனக்கு வராத மார்க்கு இதுக்காச்சும் வரட்டும்.”

எங்கள் அப்பாவும் வாத்தியார். கையில் கிடைத்த காமிக்ஸையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டவர். அம்மா சேலைக்கு அடியில் ஒளித்தவை மட்டும்தான் மிஞ்சின. தலை நரைத்த பிறகும் என் தம்பி அந்த ரேங்க் கார்டை நீட்டிக்கொண்டு நிற்கிறானே என்று அழுகை முட்டியது. பின்னாலேயே கோபமும் வந்தது. அப்பா குப்பை என்றார். இவர்கள் பத்துக்கு இத்தனை என்பார்கள். இரண்டு பேரும் அதைப் படிக்கப் போவதில்லை. அதிலும், அம்மா போட்ட தையலுக்கு எவனோ ஒருவன் மார்க் குறைப்பான், குறைக்காமல் இருக்க அதை நாமே உருவிக் கொடுக்க வேண்டும். என் உயிர் உள்ளவரை நடக்காது. பூச்சி அரித்தால் அரிக்கட்டும். பூச்சியாவது அட்டையைத் தாண்டி உள்ளே போகும்.

இதைக் கத்திச் சொன்னால் அவன் கேட்க மாட்டான் என்று தெரியும். தையல் டப்பாவிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன்.

“தாராளமா அனுப்புலே. ஆனா உன் பங்கை மட்டும் அனுப்பு. அட்டை என் பங்கு.”

அட்டை இல்லாத புத்தகத்துக்கு அந்தக் கம்பெனி என்ன போடும் என்று அவனுக்குத் தெரியாதா? என்னை முறைத்தான். நானும் முறைத்தேன். வீம்புக்குக் கத்தரியை எடுத்துக்கொண்டு நடுப்பக்கத்தை விரித்தான். சிவப்பு நூல் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. அம்மாவின் முடிச்சு அப்படியே இருந்தது. கத்தரி முனையை அதற்கடியில் கொடுத்தான். நான் தடுக்கவில்லை.

அவன் வெட்டவில்லை. வெட்டாமலேயே எதிரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குதிரைக்காரன் பாம்பின் கழுத்தைப் பிடித்திருக்கும் படம். உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. சின்ன வயதில் வாசித்த மாதிரியே, பாம்புக்கு ஒரு குரல், குதிரைக்காரனுக்கு ஒரு குரல். ஒரு கையில் கத்தரியை வைத்துக்கொண்டே மறு கையால் பக்கங்களைத் திருப்பினான். தன் பங்கின் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். மேலேயிருந்து கயிறு இறங்குகிறது. அடுத்த தாள் என்னுடையது. அவன் விரல் அதன் ஓரத்தில் நின்றது. திருப்பவில்லை. இந்தக் கதையை எத்தனை தடவை சேர்ந்து படித்திருப்போம், முடிவு அவனுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“கயிறு போட்டது யாருக்கா?”

“கத்தரியைக் கீழ வை, சொல்றேன்” என்றேன்.