தவறணைக்குப் போன ரீச்சர்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று பத்துக்கு, தொலைக்காட்சிப் படத்தில் வந்த சத்திரசிகிச்சை நிபுணர் மருந்து அலுமாரியைத் திறந்து, கையுறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சாராயப் போத்தலை எடுத்தார். எங்கள் வீட்டில் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மகன் பல் வைத்தியர். குடியை விட்டு அப்போது எட்டு மாதம். வெள்ளை அங்கி போட்ட நாயகனைக் கண்டு, அவனுக்குப் பிடிக்கும் என்று அந்தப் படத்தைப் போட்டவள் நான்தான். நிறுத்தினால் அவனைச் சுட்டிக்காட்டியது போலாகிவிடும், ஓடவிட்டாலும் அதேதான். கணவர் திடீரென்று மின்விசிறியில் தூசி என்று சொல்லி, கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப்போட்டு ஏறி நின்றார்.

"இறங்குங்கோ அப்பா. விழுந்தியள் எண்டால் உங்கடை பல்லையும் நான்தான் கட்டவேணும்," என்றான் மகன்.

சிரித்தோம். அவரும் இறங்கினார். அந்த நேரம் பார்த்துப் படத்தில் நிபுணரின் கை நடுங்கத் தொடங்கியது. மகன் தன் கைகளை ஒருதரம் பார்த்தான். போட்டு வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். கைத்தொலைபேசி கதிரையிலேயே கிடந்தது.

அரை மணித்தியாலம் பொறுத்தேன். பிறகு ஸ்கூட்டரில் நேரே கள்ளுத் தவறணைக்குப் போனேன். பருத்தித்துறையில் இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். அந்த வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. உள்ளே கால் வைத்ததும், வாங்கில் இருந்த ஏழெட்டுப் பேரும் வகுப்பில் எழும்புவது போலவே எழும்பினார்கள். ஒருவன் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கள்ளு அவன் கட்டியிருந்த சாரத்தில் வழிந்தது. மீசை நரைக்கத் தொடங்கிய இன்னொருவன் வணக்கம் சொன்னான்.

மகன் வந்தானா என்று கேட்டேன். கோப்பையை மறைத்தவன்தான் பதில் சொன்னான்.

"இல்லை ரீச்சர். டொக்டர் இஞ்சாலை வந்து கனகாலம். போன மாசம் குடிச்சுப்போட்டுப் பல்லுக் கழட்டப் போய், நான்தான் அவரிட்டைப் பேச்சு வாங்கினனான்."

அதுவும் போதவில்லை. ஊரில் வேறு தவறணைகளும் உண்டே; எத்தனைக்கென்று போவது? நான் இருக்கச் சொன்ன பிறகுதான் அவர்கள் திரும்ப வாங்கில் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து வாசல் படலையைப் பார்த்தபடி நின்றேன்.

ஐந்தரைக்கு மகன் வந்தான். பின்னால், கையில் மீன் பையோடு, நான் முன்பு காணாத ஒரு மனிதர். மகனை முகர்ந்து பார்க்கத்தான் கிட்டப் போனேன். கடலும் வலையும்தான் மணத்தன.

குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடும் இடத்தில் பழக்கமான மீனவராம். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: குடிக்கவேணும் போல வந்தால் மகன் நேரே அவருடைய கரைக்குப் போய், கிழிந்த வலையைப் பொத்த உட்கார்ந்துவிட வேண்டும். அந்த வேலைக்கு இரண்டு கையும் தேவை. கோப்பை பிடிக்கக் கை மிஞ்சாது.

அந்த மனிதர் மீன் பையை என்னிடம் நீட்டினார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. ரெண்டு மணித்தியாலம் எழும்ப விடேல்லை, ஆள் ஒரு சொட்டும் குடிக்கேல்லை. ஆனால் பல் முரசு தைக்கிற மாதிரிக் கிட்டக் கிட்டப் பொத்தி, என்ரை பாரை வலையை நெத்தலி வலையாக்கிப்போட்டார்."