ஆறடி தள்ளி நின்ற அப்பா

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து, பள்ளிகள் இன்னும் திறக்காமல் இருந்த நேரம் அது. சமயநல்லூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் மனநல ஆலோசகர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதனால் இந்த வேலையில் எனக்குப் பெருமை அதிகம். ஆபீஸ் அக்காவோ, "சும்மா பேசுறதுக்கு ஒரு டீச்சரா?" என்று கேலி செய்வார்.

ஊரடங்கில் அந்தப் பேச்சும் போனுக்குப் போனது. சாப்பிட்டாயா, தூக்கம் வருகிறதா, பயமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு மாணவியிடமும் கேட்பேன். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல், "நல்லா இருக்கேன் மிஸ்" என்பார்கள். அதை நம்பி, பிள்ளைகள் தைரியமாக இருக்கிறார்கள் என்று தலைமையாசிரியைக்கு அறிக்கையும் கொடுத்தேன்.

அப்போதுதான் பிளஸ் ஒன் முடித்த ஒரு மாணவியின் வீட்டிலிருந்து டிசி கேட்டார்கள். நன்றாகப் படிக்கிறவள். உடனே போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள்.

"வீட்ல யாராச்சும் எதுவும் சொல்றாங்களாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

ஓர் ஆண் குரல் பதில் சொன்னது. "யாரும் ஒண்ணும் சொல்லல மிஸ். அவ அப்பாதான் பேசுறேன். அவளாத்தான் படிப்பு வேணாங்குறா."

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "தூக்கம் வருதான்னு கேட்பாகளே, மத்தியானம் வரைக்கும் தூங்குறத சொல்லு."

ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள். அன்று மட்டுமல்ல, எப்போதுமே. இத்தனை நாளும் பிள்ளைகளின் ரகசியத்தை வீட்டையே கூட்டி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். டீச்சர் பேசினால் வீடே சுற்றி உட்கார்ந்து கேட்பது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். அதை எப்படி மறந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் பிளஸ் டூ பாடப்புத்தகம் கொடுக்கும் நாள். டிசியையும் அன்றைக்கே மகளோடு வந்து வாங்கிக்கொள்வதாக அந்த அப்பா சொல்லியிருந்தார். எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

கேட்டுக்கு வெளியே, ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, மைதானத்து வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். பெற்றோர் வட்டத்திலேயே நிற்க வேண்டும், மாணவி மட்டும் உள்ளே வந்து, மரத்தடியில் என்னிடம் கையெழுத்துப் போட்டுப் புத்தகம் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு.

அவள் வந்தாள். அவளுடைய அப்பா, லோடு வேன் ஓட்டுகிறவர், வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "என்ன மிஸ், எங்களுக்குத் தெரியாம அம்புட்டு நேரம் என்ன பேச்சு?"

"கொரோனா ரூல்ஸ்ண்ணே, வட்டத்த விட்டு வராதீங்க" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு மாஸ்க் நனைய அழுதாள். ஆன்லைன் வகுப்புக்கு வீட்டில் ஒரே போன். தம்பிக்குப் பத்தாம் வகுப்பு என்று வருடம் முழுவதும் அவனிடமே கொடுத்துவிட்டாள். இயற்பியலில் ஒரு பாடம்கூடக் கேட்கவில்லை. சொன்னால், இன்னொரு போன் வாங்க முடியவில்லையே என்று அப்பா உடைந்துபோவார். அதனால், படிப்பு பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து நடந்தாள். அவருக்கு ஆறடி முன்னால் நின்று, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இம்புட்டுத்தானா? தம்பி நாளையிலருந்து கூட்டாளி வீட்டுல போய்ப் பாக்கட்டும். போ, புஸ்தகத்த வாங்கு" என்றார். டிசி பற்றிப் பேசவே இல்லை.

பள்ளி திறந்ததும் விட்டுப்போன பாடங்களை ஆசிரியைகள் மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அவள் பிளஸ் டூ தேறினாள். பயந்த அதே இயற்பியலை எடுத்து மதுரையில் கல்லூரியும் படித்தாள். அன்று வேப்பமரத்தடிக்கு வந்தவர்களில் இன்னும் ஒன்பது பேர் மனம்விட்டுப் பேசினார்கள். தலைமையாசிரியையிடம் கொடுத்திருந்த அறிக்கையைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் புதிதாக எழுதினேன்.

இப்போது எனக்குப் பள்ளியில் தனி அறையே உண்டு. அதன் வாசலிலிருந்து ஆறடி தள்ளி ஒரு வட்டம் வரைந்து வைத்திருக்கிறேன். கேலி செய்த ஆபீஸ் அக்காதான் இன்று பெற்றோரை அதில் நிறுத்துகிறார். ஒரு பிள்ளை உண்மையைச் சொல்ல எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அந்தச் சுண்ணாம்புக் கோட்டில்தான் தெரிந்துகொண்டேன்.