கனகாம்பிகை அக்காவின் டச் வுட்

நல்ல செய்தி ஒன்று வாயில் வந்துவிட்டால் போதும், கனகாம்பிகை அக்காவின் வலக்கை மரம் தேடிப் புறப்பட்டுவிடும். “இந்த முறை குளிருக்கு எனக்கு ஒரு தடிமன்கூட வரேல்லை, டச் வுட்” என்றபடி கதவு நிலையைத் தொடுவார். வெஸ்ட் ஈலிங் கடையொன்றில் மேசையைத் தொட்டவர், குனிந்து அதன் அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “உது மரமில்லை, ஃபோர்மைக்கா, தம்பி. பலிக்காது.” பிறகு தக்காளி வந்த மரப்பெட்டியைத் தொட்ட பின்தான் மூச்சு வந்தது.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் அக்காவோடு வேலை செய்யும் ஆங்கிலப் பெண்மணி சொல்லிக்கொடுத்த வழக்கம் இது. அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசினால் உடனே மரத்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் அது கைநழுவிவிடும். அன்றோடு அக்கா வீட்டில் கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாய் சுற்றிப் போடுவது நின்றது. “அதெல்லாம் மூடநம்பிக்கை. இது வெள்ளைக்காரர் செய்யிறது.”

நான் அவருக்குக் கார் ஓட்டப் பழக்குபவன். மூன்று பரீட்சைகளைக் கோட்டை விட்டிருந்தார். நாலாவது பரீட்சை வரும் மாதக் கடைசியில் சமையலறை தூர இடத்துக்கு மாறுகிறது. விடிகாலை ஷிப்டுக்கு அங்கே பஸ் இல்லை. லைசென்ஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை. வீட்டுக்கு வருவதோ அந்த ஒரு சம்பளம்தான்.

நாலாவது பரீட்சை, 1991 மே மாதம். வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு நான் பின்சீட்டில். எல்லாம் நன்றாகவே போனது. சிவப்பு விளக்கில் நின்றபோது பரீட்சகர் பேச்சுக்கொடுத்தார்: இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை, ஒரு விபத்தும் கண்டதில்லை.

அக்காவின் முகம் மாறியது. ஸ்டியரிங்கைத் தடவினார், டாஷ்போர்டைத் தடவினார். என் கார் முழுக்கப் பிளாஸ்டிக்.

“தம்பி, இந்த மனிசன் டச் வுட் சொல்லேல்லை. நான் எப்பிடி ஓட்டுறது?”

விளக்கு பச்சையானதும் கொஞ்சத் தூரம் போய், கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, நடைபாதை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இறங்கிப் போய் அங்கு நின்ற மரத்தைத் தொட்டுவிட்டு வந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, “சொறி சேர்” என்றார். பரீட்சகர் ஏதோ நீளமாக எழுதினார். அக்காவின் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பரீட்சை அலுவலகத்துக்குத் திரும்பி வந்ததும் அவர் தாளைக் கிழித்து நீட்டினார். பாஸ்! காரை நிறுத்திய விதம் அன்று அவர் பார்த்ததிலேயே திறமாம். அக்கா அழுதே விட்டார். “இனி உங்களுக்கு ஒரு குறையும் வராது” என்று ஆங்கிலத்தில் வாழ்த்திவிட்டுப் பரீட்சகர் இறங்கினார்.

அலுவலக வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்திருப்பார். மரக்கதவை ஒரு விரலால் மெல்லத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.